தீவனத்தில் குறைந்ததைத் தண்ணீரில் ஈடுகட்ட முடியுமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் 1,000 கறிக்கோழிகள் வளர்க்கிறேன். ஒப்பந்தப் பண்ணை அல்ல. குஞ்சு, தீவனம் எல்லாம் சொந்தச் செலவு. தீவன விலை கட்டுப்படியாகாததால், பன்னிரண்டாம் நாளிலிருந்து 70 கிலோ ஸ்டார்ட்டர் பெல்லட்டுடன் (இளம் குஞ்சுகளுக்கான கம்பெனித் தீவனம்) 20 கிலோ மக்காச்சோள மாவும் 10 கிலோ அரிசிக் குருணையும் கலந்து போடுகிறேன். இந்த பேட்சில் மூன்றாவது வாரத்திலிருந்து பல கோழிகள் நொண்டுகின்றன. சில கோழிகள் கணுக்கால் மூட்டில் உட்கார்ந்தபடியே நகர்கின்றன. 28-ஆம் நாளில் சராசரி எடை 1 கிலோ 50 கிராம்தான். அதிலும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கின்றன. இருபதாம் நாள் வாக்கில் எச்சத்தில் இரத்தம் தெரிந்ததால் இரத்தக் கழிச்சல் மருந்தான ஆம்ப்ரோலியம் கொடுத்தேன். திரவக் கால்சியம், ஏடி3ஈ (ஏ, டி3, ஈ வைட்டமின் கலவை), பி-காம்ப்ளக்ஸ், கல்லீரல் டானிக் ஆகியவற்றைத் தினமும் தண்ணீரில் கொடுத்து வருகிறேன். இப்போது மருந்துக் கடையில் கிலேட்டட் தாது உப்பு ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறார்கள். எதை எவ்வளவு கொடுத்தால் எடை கூடும்? கால்சியத்தை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: கால்சியத்தை இரட்டிப்பாக்க வேண்டாம். புதிய தாது உப்புப் புட்டியையும் இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, குறை டானிக்கில் இல்லை, 70-20-10 என்ற அந்தக் கலவையில்தான் இருக்கிறது என்பதே என் கணிப்பு. தீவனச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. கறிக்கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. ஆனால் இந்த வழியில் மிச்சமான பணம் மருந்துக் கடைக்குப் போய்விடுகிறது என்பதோடு, வர வேண்டிய எடையும் வராமல் போகிறது. இன்றைய கலப்பினக் கறிக்கோழி 28 நாளில் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வர வேண்டியது. உங்களுக்குக் கோழி ஒன்றுக்கு ஏறக்குறைய 450 கிராம் குறைந்திருக்கிறது.

கம்பெனித் தீவனம் என்பது வெறும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் அல்ல. அந்த மூட்டையில் வைட்டமின் பிரிமிக்ஸ் (முன்கலவை), நுண் தாது உப்புக் கலவை, டை கால்சியம் பாஸ்பேட், சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, மெத்தியோனின், லைசின், பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து ஆகிய எல்லாம் அந்தந்த வயதுக்கு ஏற்ற விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் 30 சதவீதம் வேறு தானியத்தைக் கலக்கும்போது இவை அத்தனையும் ஒரே அடியாக 30 சதவீதம் குறைகின்றன. உங்கள் மூட்டையில் 22 சதவீதப் புரதம், 0.95 சதவீதக் கால்சியம், 0.45 சதவீதம் கோழிக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்தை ஒட்டியும் அரிசிக் குருணையில் 8 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இரண்டிலும் கால்சியம் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். கலந்த பிறகு கணக்குப் பார்த்தால் புரதம் 18 சதவீதமாகவும், கால்சியம் 0.67 சதவீதமாகவும், கிடைக்கும் பாஸ்பரஸ் 0.34 சதவீதமாகவும் இறங்கிவிடுகின்றன. கோழித் தீவனத்துக்கான ஐ.எஸ். 1374 என்ற இந்தியத் தர நிர்ணயம், விற்பனைக்கு முந்தைய பினிஷர் தீவனத்துக்கே 20 சதவீதப் புரதம் கேட்கிறது; நீங்களோ பன்னிரண்டு நாள் குஞ்சுக்கு 18 சதவீதம் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி டானிக் கணக்கைப் பாருங்கள். மூன்று வார வயதில் உங்கள் 1,000 கோழிகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோ தீவனம் தின்னும். கலப்பதால் அந்த 100 கிலோவில் குறைந்துபோன கால்சியம் 280 கிராம். உங்கள் திரவக் கால்சியத்தின் லேபிளில் 100 மில்லி லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் என்று இருந்தால், ஒரு லிட்டர் முழுவதையும் தண்ணீரில் ஊற்றினாலும் கோழிகளுக்குப் போவது 30 கிராம்தான். குறைந்ததை ஈடுகட்ட ஒன்பது லிட்டருக்கு மேல் தேவைப்படும், அதுவும் தினமும். அதே குறையைத் தீவனத்திலேயே சரிசெய்வதென்றால் 600 கிராம் டை கால்சியம் பாஸ்பேட்டும் 400 கிராம் சுண்ணாம்புக்கல் தூளும் போதும். பாஸ்பரஸும் சேர்ந்தே சரியாகிவிடும். கால்சியமும் பாஸ்பரஸும் கிலோ கணக்கில் தேவைப்படும் தாதுக்கள். அவற்றைத் தீவனத்தின் வழியாக மட்டுமே முறையாகக் கொடுக்க முடியும். சொட்டு மருந்து அளவில் தண்ணீரில் கலந்து கொடுக்கத் தக்கவை வைட்டமின்களும் சில நுண் தாதுக்களும் மட்டுமே.

இதைப் படித்துவிட்டு டை கால்சியம் பாஸ்பேட்டும் சுண்ணாம்புக்கல் தூளும் வாங்கிச் சேர்த்து அதே கலவையைத் தொடரலாம் என்று எண்ண வேண்டாம். எலும்புக்கு ஓரளவு வழி கிடைக்கும். சதைக்குத் தேவையான லைசினும் மெத்தியோனினும் அப்போதும் குறைவாகவே இருக்கும். எடை வராததற்கு முதல் காரணம் புரதமும் அமினோ அமிலங்களும் இறங்கியதுதான் என்று நான் கருதுகிறேன். எந்த வைட்டமினும் அந்த இடத்தை நிரப்பாது.

ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதற்கான காரணத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கலந்த தீவனத்தைக் கொட்டியவுடன் ஒரு தீவனத் தட்டின் அருகே பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கவனியுங்கள். வலுவான கோழிகள் முதலில் வந்து பெல்லட்டை மட்டும் பொறுக்கித் தின்னும். மாவும் குருணையும் தட்டின் அடியில் தங்கும். பிறகு வரும் சிறிய கோழிகளுக்கு அந்த அடித்தூள்தான் மிஞ்சும். ஆக, உங்கள் கொட்டகையில் உள்ள கோழிகள் எல்லாம் 70-20-10 தின்னவில்லை. பெரிய கோழிகள் ஏறக்குறைய முழுத் தீவனத்தையும், சிறிய கோழிகள் பெரும்பாலும் வெறும் தானியத்தையும் தின்றுகொண்டிருக்கின்றன. நான் மேலே போட்ட கணக்கு சராசரிக்கு மட்டுமே பொருந்தும். சிறிய கோழிகளின் நிலை அதைவிட மோசம். வைட்டமின் குறைபாட்டு அறிகுறிகள் பெரும்பாலும் அவற்றில்தான் தெரியும். நொண்டுபவை எவை என்று எடை போட்டுப் பாருங்கள். அவற்றில் சிறியவையே அதிகமாக இருந்தால் இந்தக் கணிப்பு உறுதிப்படும்.

வைட்டமின்களைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணையில், கறிக்கோழித் தீவனத்தில் கிலோவுக்கு வைட்டமின் ஏ 1,500 சர்வதேச அலகும், டி3 200 அலகும், ஈ 10 அலகும், மாங்கனீசு 60 மில்லி கிராமும், துத்தநாகம் 40 மில்லி கிராமும், செலினியம் 0.15 மில்லி கிராமும் குறைந்தபட்சத் தேவையாகக் குறிக்கப்பட்டுள்ளன. குறைபாட்டு நோய் வராமல் காக்கும் எல்லைக்கோடுகள் அவை. வேகமாக வளரும் இன்றைய இனங்களுக்கு, சேமிப்பிலும் பெல்லட் இயந்திரத்தின் சூட்டிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக்கொண்டு, இன உற்பத்தி நிறுவனங்கள் வைட்டமின் ஏ-யைப் பத்தாயிரம் அலகுக்கு மேலும், டி3-ஐ ஆயிரக்கணக்கான அலகுகளிலும், துத்தநாகத்தையும் மாங்கனீசையும் 100 மில்லி கிராமுக்கு மேலும் பரிந்துரைக்கின்றன. நல்ல கம்பெனித் தீவனத்தில் பெரும்பாலான வைட்டமின்கள் எல்லைக்கோட்டைவிடப் பன்மடங்கு அதிகமாகவே இருக்கின்றன. அந்தத் தீவனத்தை அப்படியே தின்னும் ஆரோக்கியமான கோழிக்கு மேலும் மேலும் வைட்டமின் ஊற்றினால் எடை கூடாது. குறை இருந்தால் அதை நீக்கும்போது வளர்ச்சி திரும்பி வரும். குறை இல்லாத இடத்தில் கூடுதல் வைட்டமின் எச்சத்தோடு போகும், அல்லது உடலில் தங்கித் தொல்லை தரும். எடை கூட எதை எவ்வளவு கொடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்.

அப்படியானால் 30 சதவீதம் குறைந்தாலும் வைட்டமின் போதுமானதாகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மூட்டை புதிதாக இருந்து, எல்லாக் கோழிகளும் ஒரே சீராகத் தின்று, குடலும் நன்றாக இருந்தால் அது உண்மை. உங்கள் கொட்டகையில் இந்த மூன்றில் இரண்டாவது இல்லை என்பதை மேலே சொன்னேன். மூன்றாவதும் இல்லை என்பதை எச்சத்தில் தெரிந்த இரத்தம் காட்டுகிறது. தீவனத்தைக் கலந்தபோது அதில் இருந்த இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்தும் 30 சதவீதம் குறைந்தது. சரியான அளவில் மட்டுமே வேலை செய்யும் மருந்து அது. இரத்தக் கழிச்சல் வந்த குடல், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை முன்போல் உறிஞ்சாது. இரத்தம் நின்ற பிறகும் குடலின் உட்சுவர் தேறுவதற்கு நாள் பிடிக்கும். மக்காச்சோளத்தில் பூஞ்சாண நச்சு இருந்தால் கல்லீரலும் பாதிக்கப்பட்டு, பித்தநீர் குறைந்து, இதே வைட்டமின்கள் மேலும் வீணாகும். நீங்கள் வெளியில் வாங்கிக் கலந்த மக்காச்சோளத்தை யாரும் பரிசோதிக்கவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆம்ப்ரோலியம் கொடுத்த நாட்களிலும் பி-காம்ப்ளக்ஸை நிறுத்தவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 ஆகிய தயாமினின் உருவத்தை ஒத்த ஒரு பொருள். இரத்தக் கழிச்சல் கிருமி தயாமினை எடுத்துக்கொள்ளும் வழியை அடைப்பதன் மூலமே அது வேலை செய்கிறது. அதே தண்ணீரில் தயாமினைத் தாராளமாக ஊற்றினால் கிருமிக்கும் தயாமின் கிடைத்து, மருந்தின் வேகம் குறைந்துவிடும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் கூடாது. மருந்துக் காலம் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் இரத்த இழப்பு இருந்தால் வைட்டமின் கே-யும் ஏ-யும் கொடுப்பது நல்லது. சல்பா வகை மருந்து கொடுத்தால் வைட்டமின் கே இன்னும் அவசியமாகிறது. இதை மருந்துக் கடையில் சொல்லியிருக்க வேண்டும்.

அரிசிக் குருணை பற்றி ஒரு சிறு செய்தி. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் சோர்ந்து நடை தடுமாறுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் 1890-களில் ஜாவாவில் கவனித்தவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான். வைட்டமின் என்ற கருத்துக்கே வழி திறந்த அந்த ஆய்வுக்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்து சதவீதக் குருணையால் உங்கள் கோழிகளுக்குத் தயாமின் குறைபாடு வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தீட்டிய அரிசி வயிற்றை நிரப்பும், வைட்டமினைக் கொண்டுவராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி கால்களுக்கு வருகிறேன். நொண்டுதல் எல்லாம் கால்சியக் குறைவு அல்ல. நொண்டும் கோழிகளில் ஐந்தாறைப் பிடித்து, கையில் வைத்து நிதானமாகப் பாருங்கள். முதலில் அலகை இரு விரல்களால் அழுத்திப் பாருங்கள். மூன்று வாரக் கோழியின் அலகு விறைப்பாக இருக்க வேண்டும், வளைந்து கொடுத்தால் எலும்பு மெலிவு நோய் என்று சந்தேகிக்கலாம். இறந்த கோழி இருந்தால் கீழ்க்கால் எலும்பைச் சதை நீக்கி ஒடித்துப் பாருங்கள்: நல்ல எலும்பு சட்டென்று சத்தத்துடன் முறியும், மெலிந்த எலும்பு ரப்பர் குழாய் போல வளையும். மெலிவு இருந்தால், நெஞ்சுக் கூட்டைத் திறக்கும்போது விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடத்தில் மணி மணியாகப் புடைப்புகள் தெரியும். இது கால்சியம், பாஸ்பரஸ், டி3 ஆகிய மூன்றில் எது குறைந்தாலும், ஒன்றுக்கொன்று விகிதம் கெட்டாலும் வரும். கால்சியம் இரண்டு பங்கு, கிடைக்கும் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற விகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பாஸ்பரஸ் குறைந்து வந்த மெலிவுக்குக் கால்சியத்தை மட்டும் ஏற்றினால் நோய் முற்றும். இரட்டிப்பாக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு நான் உடனே மறுப்புச் சொன்னதற்கு இதுவே காரணம்.

அடுத்ததாக விரல்களைப் பாருங்கள். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, கோழி கணுக்கால் மூட்டில் உட்கார்ந்து நகர்ந்தால் அது பி2, அதாவது ரிபோபிளேவின் குறைபாட்டின் அடையாளம். மக்காச்சோளம், அரிசி இரண்டிலுமே ரிபோபிளேவின் சொற்பம். அடித்தூளைத் தின்ற சிறு கோழிகளுக்கு இது வருவது எதிர்பார்க்கக்கூடியதே. நீங்கள் எழுதிய அறிகுறியோடு மிகவும் ஒத்துப்போவதும் இதுதான். அறிகுறி தெரிந்த ஓரிரு நாளில் ரிபோபிளேவின் கொடுத்தால் தேறும். நாள்பட்டு நரம்பு கெட்டுவிட்டால் தேறாது. கணுக்கால் மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநார் பள்ளத்திலிருந்து விலகி, கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தால் அது பெரோசிஸ். மாங்கனீசு, கோலின், பயோட்டின், துத்தநாகம் ஆகியவற்றின் குறைவால் வரும். விலகிய தசைநார் எந்த டானிக்காலும் திரும்ப வராது. அப்படிப்பட்ட கோழியைத் தீவனத் தட்டுக்கும் தண்ணீருக்கும் நகர முடியாமல் துன்பப்பட விடாமல் உடனே கழித்துவிடுவதே முறை.

அலகும் விரலும் மூட்டும் நன்றாக இருந்தும், பெரிய கோழியே திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், தொடை எலும்பின் தலைப்பகுதியில் பாக்டீரியா தொற்றியிருக்கலாம். அதற்குத் தாது உப்பில் விடை இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் கருப்பாகப் புண் இருந்தால் முதலில் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகப் பிடித்தால் ஈரம் அதிகம். ஈரமான கூளத்தை மாற்றாமல் பயோட்டினும் துத்தநாகமும் கொடுப்பதில் பயன் இல்லை.

ஏடி3ஈ-யைத் தினமும் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். பி வகை வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீர்க் கழிவோடு வெளியேறும். ஏ-யும் டி-யும் கல்லீரலிலும் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போகும். வைட்டமின் ஏ மிகுந்தால் அது டி3, ஈ ஆகியவற்றின் வேலையைக் கெடுக்கும். எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்தே எலும்பைப் பாதிக்கும். டி3 அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். கால்சியம் மிகுந்தால் குடலில் துத்தநாகத்தையும் பாஸ்பரஸையும் பிடித்து வைத்துக்கொள்வதோடு, தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கத் தீவனத்தில் சேர்க்கும் பைட்டேஸ் என்சைமின் திறனையும் குறைக்கும். உப்பு மிகுந்தால் கோழி அதிகம் தண்ணீர் குடித்து, கூளம் நனைந்து, அதிலிருந்து அம்மோனியா வாடையும் கால் புண்ணும் தொடரும்; கருவாட்டுத் தூள் சேர்க்கும் பண்ணைகளில் இதை அடிக்கடி காண்கிறோம். எல்லாவற்றிலும் செலினியத்துக்கே இடைவெளி மிகக் குறைவு. கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லி கிராம் அளவில் நிறுத்துவது வழக்கம். ஒரு சில மில்லி கிராம் ஏறினாலே நஞ்சாகிவிடும். இரண்டு மூன்று புட்டிகளில் ஒரே பொருள் இருப்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றுவது ஆபத்தானது. உங்களிடம் உள்ள புட்டிகளின் லேபிள்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினசரி டானிக்கால் வரும் இன்னொரு கேட்டைப் பலர் கவனிப்பதில்லை. கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வழவழப்பாகப் படலம் ஒட்டி வந்தால், டானிக்கில் உள்ள சர்க்கரைப் பொருளைத் தின்று பாக்டீரியாக்கள் அங்கே குடியேறியிருக்கின்றன என்று பொருள். அந்தக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கும் கோழியின் குடல் எப்படித் தேறும்? வைட்டமின் கொடுப்பதாக இருந்தால், கோழிகள் காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கும் தண்ணீரில் மட்டும் கலந்து, அந்தத் தண்ணீரில் குளோரின் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் குழாயை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரில் வைட்டமின்கள் கெட்டுப்போகும். மற்ற நேரத்தில் குளோரின் கலந்த சுத்தமான தண்ணீரே எந்த டானிக்கையும்விட மேலானது.

கூடுதல் வைட்டமின் எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. பயணக் களைப்போடு வந்திறங்கும் குஞ்சுக்கு முதல் மூன்று நாள், தடுப்பூசி போட்டதைத் தொடர்ந்த நாட்கள், குடல் நோயிலிருந்து தேறும் வாரம் ஆகிய காலங்களில் அது உண்மையாகவே உதவுகிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும்; தீவனம் குறையும்போது வைட்டமினும் தாதுவும் சேர்ந்தே குறையும். கோழி வைட்டமின் சி-யைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும் என்றாலும், கடும் வெப்பத்தில் அந்த உற்பத்தி போதாது என்பதால் அப்போது சி கொடுப்பதில் பொருள் உண்டு. வாய் பிளந்து மூச்சு வாங்கும் கோழி கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றுவதால் இரத்தத்தின் அமில-காரச் சமநிலை கெடும். சோடியம் பைகார்பனேட்டும் பொட்டாசியம் குளோரைடும் அதற்கு உதவும், ஆனால் அவற்றைச் சேர்க்கும்போது தீவன உப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கிலேட்டட் தாது உப்பு மோசமான பொருள் அல்ல. துத்தநாகம், மாங்கனீசு, செம்பு ஆகியவற்றை அமினோ அமிலத்தோடு பிணைத்துக் கொடுப்பதால் குடலில் வீணாவது குறையும். குறைந்த அளவே போதும் என்பதால் எச்சத்தில் போய் நிலத்தில் சேரும் உலோகமும் குறையும். தோல், இறகு, உள்ளங்கால் ஆகியவற்றின் தரத்தில் பலன் தெரியும். ஆனால் அதைத் தீவனத்தில் சாதாரணத் தாது உப்புக்கு மாற்றாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். 18 சதவீதப் புரதத்தில் வளரும் கோழியின் எடையை அது ஏற்றித் தராது.

இந்த பேட்சுக்குச் செய்ய வேண்டியது இது. இன்றிலிருந்து கலப்பதை நிறுத்தி, கம்பெனி பினிஷர் தீவனத்தை அப்படியே கொடுங்கள். கால்சியம், ஏடி3ஈ, கல்லீரல் டானிக் மூன்றையும் நிறுத்துங்கள். ஆம்ப்ரோலியம் முடிந்துவிட்டது என்பதால் ரிபோபிளேவின் உள்ள பி-காம்ப்ளக்ஸை லேபிளில் சொன்ன அளவில் ஐந்து நாள் மட்டும் கொடுங்கள். அலகு மென்மையாக இருப்பது உறுதியானால், உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் டி3-ஐ மட்டும் சில நாள் கொடுக்கலாம். நொண்டும் கோழிகளையும் சிறியவற்றையும் தடுப்பு வைத்துத் தனியாகப் பிரித்து, தீவனத்தையும் தண்ணீரையும் அவற்றுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். இழந்த 450 கிராமும் திரும்பி வராது. அதில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு வாரத்தில் எதிர்பார்க்கலாம்.

அடுத்த பேட்சில் செலவைக் குறைக்க விரும்பினால் அதற்கு முறையான வழி உண்டு. தானியத்தோடு கலப்பதற்கென்றே தயாரிக்கப்படும் அடர் தீவனம் விற்கிறது. மூட்டையில் எத்தனை கிலோவுக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு கிலோ கூட மாற்றாதீர்கள். முழுவதையும் நீங்களே அரைத்துக் கலப்பதென்றால், ஸ்டார்ட்டருக்கு 100 கிலோவில் ஏறக்குறைய மக்காச்சோளம் 56 கிலோ, சோயா புண்ணாக்கு 37.5 கிலோ, எண்ணெய் 2.2 கிலோ, டை கால்சியம் பாஸ்பேட் 1.8 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் 1.1 கிலோ, உப்பு, மெத்தியோனின் இரண்டும் 300 கிராம் வீதம், லைசின் 250 கிராம், மீதியில் வைட்டமின் பிரிமிக்ஸ், நுண் தாதுக் கலவை, கோலின், தடுப்பு மருந்து என்று அமையும். தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடப்பதால், பைட்டேஸ் என்சைம் சேர்த்தால் டை கால்சியம் பாஸ்பேட்டைக் குறைக்கலாம். அந்தக் குறைப்பைத் தீவன நிபுணர் ஒருவரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிமிக்ஸை நேராக மொத்தத் தீவனத்தில் கொட்டிக் கிளறக் கூடாது. முதலில் ஐந்து கிலோ மக்காச்சோள மாவில், பிறகு அதை ஐம்பது கிலோவில், அதன் பிறகே மொத்தத்தில் என்று படிப்படியாகக் கலந்தால்தான் ஒவ்வொரு கோழிக்கும் சம அளவில் போய்ச்சேரும். வைட்டமினையும் தாது உப்பையும் கோலினையும் ஒரே பையில் கலந்து வைத்திருக்காதீர்கள். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும், செம்பும் இரும்பும் அந்த ஈரத்தில் வைட்டமின்களைச் சிதைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வாயைக் கட்டாமல் வைத்த பிரிமிக்ஸில் கோடை முடிவதற்குள் வைட்டமின் பெருமளவு போய்விடும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து, ஒரு பேட்சுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

இந்த வாரமே நொண்டும் கோழிகளில் உயிருள்ளவை இரண்டையும், அன்று காலையில் இறந்தது ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு அருகில் உள்ள ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ செல்லுங்கள். எலும்பையும் குடலையும் அறுத்துப் பார்த்தால் என் கணிப்பில் எது சரி என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கலக்காத பெல்லட்டில் அரைக் கிலோவும், மக்காச்சோளத்தில் மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களிலிருந்து சேர்த்தெடுத்த அரைக் கிலோவும் தனித்தனிப் பைகளில் கட்டி, தேதியும் மூட்டை எண்ணும் எழுதி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பெல்லட்டுக்குப் புரதம், கால்சியம், பாஸ்பரஸ், உப்பு ஆகியவற்றையும், மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம், அப்ளாடாக்சின் என்ற பூஞ்சாண நச்சு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும் வரை மருந்துக் கடையில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.